14 வயது மகளுக்கு மூளையில் ஏ.வி.எம்.: பொதுத்தேர்வு முடியும்வரை காத்திருக்கலாமா?

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஏழு வாரங்களுக்கு முன் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றிருந்தவள், தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். வாந்தி எடுத்திருக்கிறாள், சில நிமிடங்களில் இடது கை மட்டும் துடிக்கத் தொடங்கி, பிறகு உடல் முழுவதும் வலிப்பு பரவியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் மூளையின் வலது முன்மடலில் இரத்தக் கசிவு தெரிந்தது. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, 2.2 செ.மீ. அளவில் ஏ.வி.எம். என்ற இரத்தக்குழாய்ப் பின்னல் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது அவள் நன்றாக நடக்கிறாள், பேசுகிறாள், பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாள். இடது கை விரல்களில் மட்டும் பிடிமானம் குறைந்திருப்பதால் சடைக்கு ரிப்பன் கட்ட முடியவில்லை. வீட்டில் அவளிடம் சொல்லியிருப்பது, வெயிலில் வந்த மயக்கம் என்று.

அறுவை மருத்துவர் ஒருவர் மண்டையைத் திறந்து எடுத்துவிட வேண்டும் என்கிறார். வேறு நகரில் பார்த்த இன்னொருவர் காமா நைஃப் என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை போதும் என்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கொழுந்தனார் ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்பி, "சிகிச்சை செய்துகொண்டவர்களைவிடச் சும்மா விட்டவர்கள்தான் நன்றாக இருந்திருக்கிறார்கள், அவசரப்படாதீர்கள் அண்ணி" என்கிறார். இதற்கிடையே, பள்ளி வேன் ஓட்டும் கணவர் தம் பழைய தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்க, அவருடைய மூளையின் இடது பக்கவாட்டு மடலில் 8 மி.மீ. அளவில் கேவர்னோமா என்ற வேறொரு இரத்தக்குழாய்க் கோளாறு இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. ஆகவே இது பரம்பரை நோய், ஒன்பது வயது மகனுக்கும் இருக்கும் என்று குடும்பமே அஞ்சுகிறது. மாமியாரோ, மருமகள் கருவுற்றிருந்தபோது கிரகண நேரத்தில் வெளியே போனதைச் சொல்லிக்காட்டுகிறார். கர்ப்பகால ஸ்கேனில் இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்ற வருத்தமும் தாய்க்கு இருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: "எனக்கும் சிறு வயதில் கோடையில் சில்லுமூக்கு உடையும்." மகளுக்கு அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அது முடிந்தபின் சிகிச்சை செய்தால் போதுமா என்பதே அவருடைய முதல் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டிய நிலையும் இல்லை. ஆனால் அடுத்த சில வாரங்களுக்குள் மூளை ஆஞ்சியோகிராம் எடுத்து, அதன் முடிவை வைத்துக்கொண்டு, பின்னலை முழுமையாக அகற்றும் அல்லது அடைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். உங்கள் கொழுந்தனார் அனுப்பிய ஆய்வு மதிக்கத்தக்க ஆய்வுதான். ஆனால் அது உங்கள் மகளைப் போன்றவர்களை வைத்துச் செய்யப்பட்டதல்ல. நான் மூளை நரம்பியல் மருத்துவன். அறுவை செய்பவனும் அல்லன், காமா நைஃப் சிகிச்சை அளிப்பவனும் அல்லன். ஆகவே இரண்டில் எதன் பக்கமும் சாயவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

மகளுக்கு நேர்ந்தது என்ன

இதயத்திலிருந்து தமனிகளில் அழுத்தத்தோடு வரும் இரத்தம், தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்களில் பரவி, அங்கே வேகம் தணிந்து, மூளைக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுச் சிரைகளின் வழியே திரும்புவது இயல்பு. ஏ.வி.எம். உள்ள இடத்தில் அந்தத் தந்துகிகள் உருவாகவில்லை. தமனியும் சிரையும் நேரடியாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பின்னிக் கிடக்கின்றன. உங்கள் பக்கம் காவிரிப் பாசனம் உண்டு. மதகு இல்லாமல் ஆற்றை அப்படியே வயல் வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டால் கரை எவ்வளவு நாள் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தமனியின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு ஏற்றதல்லாத மெல்லிய சுவர் கொண்ட குழாய் ஒன்று உங்கள் மகளுக்கு அன்று காலை கிழிந்து, இரத்தம் மூளைக்குள் கசிந்திருக்கிறது. வலது மூளையே இடது கையை இயக்குகிறது என்பதால் துடிப்பு இடது கையில் தொடங்கியது. விரல்களில் பலம் குறைந்ததும் அதனாலேயே.

இது கட்டி அல்ல, புற்றுநோய் அல்ல, பரவவும் செய்யாது. 1 லட்சம் பேரில் ஏறக்குறைய 10 முதல் 18 பேருக்கு மூளையில் ஏ.வி.எம். இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரியவர்களில் பலருக்கு வலிப்பு வந்தோ, வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனிலோ தெரியவருகிறது. குழந்தைகளில் பெரும்பாலும் கசிவுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. பச்சிளம் பருவத்தைத் தாண்டிய ஒரு குழந்தைக்கு அடி எதுவும் படாமல் மூளைக்குள் இரத்தம் கசிந்தால் நாங்கள் முதலில் தேடுவது ஏ.வி.எம்.தான். வெயிலில் நிறுத்தியதால் வந்தது என்று பள்ளியின் மேல் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அன்று அவள் வீட்டில் படுத்திருந்தாலும் இது நேர்ந்திருக்கலாம்.

கொழுந்தனார் அனுப்பிய ஆய்வு

அதன் பெயர் அரூபா. 9 நாடுகளில் 39 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி, 2014இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டன. 223 பேரின் விவரம் அதில் அலசப்பட்டது. மருந்து மட்டும் கொடுத்துக் கண்காணிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும், அறுவை, கதிர்வீச்சு, குழாய் அடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கும் மரணமோ பக்கவாதமோ நேர்ந்தது. இந்த எண்களைப் பார்த்தால் யாருக்கும் "சும்மா விட்டுவிடலாம்" என்றுதான் தோன்றும். அண்ணன் மகள் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் அதைத் தேடிப் படித்து அனுப்பியிருக்கிறார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதை அவர் கவனிக்கத் தவறியிருக்கிறார். 18 வயது நிரம்பியவர்களை மட்டுமே சேர்த்தார்கள். அவர்களிலும், ஏ.வி.எம். ஒருமுறைகூடக் கசியாதவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மகளுக்கு வயது 14; ஏற்கெனவே கசிந்துவிட்டது. இரண்டு நிபந்தனைகளின்படியும் அவளுக்கு அந்த ஆய்வில் இடமே கிடைத்திருக்காது. மேலும் அவர்களைப் பின்தொடர்ந்த காலம் சராசரியாக 33 மாதங்கள். சிகிச்சையின் பாதகம் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். சும்மா விடுவதன் பாதகம் பல பத்தாண்டுகளில் மெல்லச் சேரும். 33 மாதக் கணக்கு, 50 வயதுக்காரருக்கே முழு விடை தராது என்று பல மருத்துவர்கள் அப்போதே வாதிட்டார்கள். 14 வயதுப் பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஆகவே அவளுக்கு உரிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏ.வி.எம். கசியும் வாய்ப்பு பொதுவாக ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 என்று சொல்கிறோம்; ஒருமுறை கசிந்ததற்கு இது கூடுதல், அதிலும் கசிந்த முதல் ஆண்டில் 6 அல்லது அதற்கு மேலும் போகலாம். ஆண்டுக்கு 3 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், பத்து ஆண்டுகளில் அது நூற்றுக்கு 26 ஆகிறது; அவள் 74 வயது வரை வாழ்வதாக எண்ணி அறுபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 84 ஆகிறது. ஒவ்வொரு கசிவிலும் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் இறக்கிறார். அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பேர் நிரந்தரக் குறையோடு மீள்கிறார்கள். உங்களை அச்சுறுத்த இதை எழுதவில்லை. சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒரு விலை உண்டு என்பது உங்கள் வீட்டுப் பேச்சில் இதுவரை வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னது ஏன்

இருவரில் ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருத்து வேறுபாட்டின் வேர் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

ஏ.வி.எம்.மை அறுத்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று அளவிட, 1986இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இரு அறுவை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். உலகம் முழுவதும் இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. பின்னல் 3 செ.மீ.க்குக் குறைவானால் 1, 3 முதல் 6 செ.மீ. வரை 2, அதற்கு மேல் 3 மதிப்பெண். பேச்சு, பார்வை, கைகால் அசைவு போன்றவற்றை இயக்கும் முக்கியப் பகுதியில் இருந்தால் இன்னொரு 1. இரத்தம் மூளையின் ஆழத்துச் சிரைகளில் வடிந்தால் மேலும் 1. கூட்டுத்தொகை 1 அல்லது 2 என்றால் அனுபவமுள்ள கைகளில் அறுவை பாதுகாப்பானது. 4, 5 என்றால் பெரும்பாலும் கத்தியை எடுக்கவே யோசிப்போம். உங்கள் மகளுக்கு அளவுக்காக 1. மேற்பரப்புச் சிரைக்கே வடிகிறது என்று அறிக்கை சொல்வதால் அந்த மதிப்பெண் இல்லை. மிச்சமிருப்பது ஒரே கேள்வி: கையை இயக்கும் பட்டைக்குள்ளேயே பின்னல் இருக்கிறதா, அதற்குச் சற்று முன்னால் இருக்கிறதா? அறிக்கை, இயக்கப் பகுதியை ஒட்டி என்று மட்டும் சொல்கிறது. ஒட்டி என்பதை ஒருவர் வெளியே என்று எடுத்துக்கொண்டு அறுவை என்கிறார். மற்றவர் உள்ளே என்று எடுத்துக்கொண்டு காமா நைஃப் என்கிறார். விரல்களின் பலவீனம் பின்னல் இருக்கும் இடத்தால் வந்ததா, கசிந்த இரத்தத்தின் அழுத்தத்தால் வந்ததா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. வாரத்துக்கு வாரம் விரல்கள் தேறிவருவதாக நீங்கள் எழுதியிருப்பது, இரத்தத்தின் அழுத்தமே காரணம் என்ற பக்கம் சாய்கிறது. அது நல்ல அறிகுறி.

இதைத் தீர்க்க இரண்டு பரிசோதனைகள் வேண்டும். முதலாவது ஆஞ்சியோகிராம். நம் ஊரில் ஆஞ்சியோ என்றாலே மாரடைப்பு, ஸ்டென்ட் என்று நினைவு போகிறது. உங்கள் வீட்டிலும் "குழந்தைக்கு எதற்கு ஆஞ்சியோ" என்று தடுத்திருக்கிறார்கள். இது மூளைக்கான ஆஞ்சியோ. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, கழுத்துத் தமனிவரை கொண்டுபோய், சாயத்தைச் செலுத்தித் தொடர்ச்சியாகப் படம் எடுப்பார்கள். இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்துச் செய்வது வழக்கம். கை தேர்ந்தவர்கள் செய்தால் பக்கவாதம் போன்ற பெரிய கேடு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 1க்கும் குறைவு. எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்தச் சிரை வடிக்கிறது, பின்னலுக்குள் பலூன்போல் புடைத்த பலவீனமான இடம் உண்டா என்பதெல்லாம் இதில்தான் தெளிவாகத் தெரியும். புடைப்பு இருந்தால் அவசரம் கூடும். கசிந்த புதிதில், உறைந்த இரத்தம் பின்னலை நசுக்கி அதன் ஒரு பகுதியை மறைத்துவிடும். ஏழு வாரங்கள் கழிந்திருப்பதால் இப்போது எடுப்பதே சரியான நேரம். இரண்டாவது, விரல்களை அசைக்கச் சொல்லி எடுக்கும் செயல்முறை எம்.ஆர்.ஐ.; கைக்கான பட்டை எங்கே என்று அது காட்டும்.

பரிசோதனைகளுக்குப் பின் உங்கள் முன் இருக்கும் வழிகள் இவை:

அறுவை. பின்னல் முழுவதும் வெளியே வந்துவிட்டால் அபாயம் அன்றே நீங்குகிறது. இதுதான் இதன் பெரும் பலம். வீடு திரும்பும் முன் இன்னோர் ஆஞ்சியோ எடுத்து மிச்சம் இல்லை என்று உறுதிசெய்வார்கள். கை பலவீனம் கூடுவது, தொற்று, வலிப்பு ஆகியவை இதன் அபாயங்கள். முடி மழித்தால் வளர்ந்துவிடும். தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். இதை எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள், கூச்சப்பட வேண்டிய கவலை அல்ல அது.

காமா நைஃப். இதில் கத்தி இல்லை. தலையில் சட்டம் பொருத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய கதிர்களைப் பின்னலின் மேல் குவிப்பார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் குழாய்ச் சுவர் தடித்து மெல்ல மூட 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும்; அதுவரை கசியும் அபாயம் அப்படியே இருக்கும். சிறிய பின்னல்களில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை முழுமையாக மூடுகின்றன. சிகிச்சை முடிந்த அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், அப்படி அல்ல. சில மாதங்கள் கழித்துச் சுற்றிலும் வீக்கம் வரலாம். மிகச் சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் நீர்க்கட்டி உருவாவதும் உண்டு.

குழாய் வழி அடைப்பு. ஆஞ்சியோ எடுக்கும் அதே வழியில் உள்ளே சென்று பசைபோன்ற பொருளால் ஊட்டும் தமனிகளை அடைப்பது. இது தனியாகவே குணப்படுத்துவது குறைவு. அறுவைக்கு முன் இரத்த ஓட்டத்தைக் குறைக்கவே பெரும்பாலும் பயன்படுகிறது. யாரேனும் இதைப் பரிந்துரைத்தால், "முழுவதும் மூடும் திட்டம் என்ன" என்று கேளுங்கள். பாதி மூடிய ஏ.வி.எம். பாதி பாதுகாப்பைத் தருவதில்லை.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். பின்னல் இயக்கப் பட்டைக்கு வெளியே என்று உறுதியானால், ஏற்கெனவே கசிந்துள்ள, சிறிய, மேற்பரப்பில் உள்ள ஏ.வி.எம்.முக்கு அறுவையே முதல் தேர்வு. பட்டைக்குள்ளேயே இருந்தால், கையைக் காப்பாற்றுவதற்காகக் காமா நைஃபின் மூன்றாண்டுக் காத்திருப்பை ஏற்பது நியாயம். எதுவானாலும் அறுவை, கதிர்வீச்சு, குழாய் வழிச் சிகிச்சை மூன்றும் தெரிந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்க்கும் இடத்தில் முடிவு எடுக்கப்பட வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்கு உங்கள் ஊரிலிருந்து போய்வர முடியும். ஃபிலிமை மட்டும் எடுத்துச் செல்லாமல், படங்கள் அனைத்தும் அடங்கிய சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை; தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். "வருடத்துக்கு எத்தனை ஏ.வி.எம். அறுவை இங்கே செய்கிறீர்கள், என் மகளைப் போன்றவர்களுக்கு முடிவு எப்படி" என்று மருத்துவரிடம் கேட்பதும் உங்கள் உரிமை, நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார். செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரியுங்கள். தனியார் காப்பீடு, பிறவிக் கோளாறு என்று சொல்லி மறுத்தால் வாய்மொழியாக விட்டுவிடாமல் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட அது வேண்டும்.

சிகிச்சை முடிந்து ஆஞ்சியோ சுத்தமாக வந்த பிறகும் ஒரு விஷயம் உண்டு. வளரும் வயதில் ஏ.வி.எம். அரிதாக மீண்டும் முளைக்கும். ஆகவே ஓராண்டு கழித்து ஒருமுறையும், 18 வயதை ஒட்டி மற்றொரு முறையும் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. பின்னல் முழுவதும் நீங்கிவிட்டால், பிற்காலத்தில் திருமணத்துக்கோ மகப்பேற்றுக்கோ இது தடையாகாது.

கணவருக்கு வந்திருப்பது வேறு

கேவர்னோமாவும் இரத்தக்குழாய்க் கோளாறுதான்; ஆனால் அது மகளின் நோயின் சிறிய வடிவம் அல்ல. தமனி அழுத்தம் அதற்குள் போவதில்லை; மெல்லிய அறைகளில் இரத்தம் ஏறக்குறையத் தேங்கி நிற்கிறது. ஆஞ்சியோவில் அது தெரியாது, எடுக்கவும் வேண்டாம். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தெரியாமலேயே முதுமை வரை வாழ்ந்துவிடுகிறார்கள். மகளுக்காக அஞ்சித் தேடியதால்தான் அவருக்கு இது கண்ணில் பட்டது. மூளைத்தண்டுக்கு வெளியே இருந்து, ஒருமுறைகூடக் கசியாத கேவர்னோமா, ஐந்து ஆண்டுகளில் கசியும் வாய்ப்பு நூற்றுக்கு 4க்கும் குறைவு. கசிந்தாலும் ஏ.வி.எம். கசிவைவிடப் பெரும்பாலும் லேசாகவே இருக்கும். இருபது ஆண்டுகளாக, தூக்கம் கெட்டால் ஒரு பக்கமாக வரும் அவருடைய தலைவலி ஒற்றைத் தலைவலியாகவே தோன்றுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆகவே மகளோடு சேர்த்து அவருக்கும் காமா நைஃப் செய்துவிடலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். கண்காணித்தால் போதும். வலிப்பு வராதவரை இதற்காக அவர் வேன் ஓட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு முறை வலிப்பு வந்தாலும் அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஏனென்றால் பின்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்றாவது இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்ற மருந்து தேவைப்பட்டால், இதைச் சொல்லி இரு மருத்துவர்களையும் கலந்து பேசச் செய்யுங்கள். இதைக் காரணம் காட்டி அந்த மருந்தைத் தாமாகத் தவிர்க்கவும் வேண்டாம்.

பரம்பரையா? யார் குற்றம்?

கேவர்னோமா சில குடும்பங்களில் மரபணு வழியாகத் தொடர்வது உண்டு. அப்படி என்றால் பெரும்பாலும் ஒருவருக்கே பல இடங்களில் இருக்கும். நுண்கசிவைக் காட்டும் சிறப்பு எம்.ஆர்.ஐ. படத்திலும் உங்கள் கணவருக்கு ஒன்றே ஒன்றுதான் என்று அறிக்கை சொல்கிறது. அவர் குடும்பத்தில் வலிப்போ மூளைக் கசிவோ யாருக்கும் இல்லை. ஆகவே பரம்பரை வகைக்கான அறிகுறி இல்லை. மகளின் ஏ.வி.எம்.மும் பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பல மூளை ஏ.வி.எம்.களில் அந்தக் குழாய்களின் உட்சுவர் செல்களில் மட்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதையும், அதே நபர்களின் இரத்தத்தில் அது இல்லாததையும் காட்டியது. பெற்றோரிடமிருந்து வராமல், வளர்ச்சியின்போது அந்த இடத்தில் மட்டும் நேர்ந்த மாற்றம் அது. கிரகணத்தன்று நீங்கள் வாசலில் நின்றதற்கும், எதைச் சாப்பிட்டீர்கள் என்பதற்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. இதை உங்கள் மாமியாரிடம் நான் எழுதியதாகவே படித்துக் காட்டுங்கள். கர்ப்பகால ஸ்கேனில் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் சரியல்ல. கருவிலேயே தெரிவது கேலன் சிரைக் கோளாறு என்ற வேறொரு வகை. 2023இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கருவிலிருந்த குழந்தைக்கு மூளையில் சிகிச்சை செய்தார்கள் என்று நீங்கள் பார்த்த காணொளி அதைப் பற்றியது.

மகனுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை. ஆனால் கடித ஓரத்தில் எழுதிய அந்தச் சில்லுமூக்கு வரியை மட்டும் நான் கடந்துபோக விரும்பவில்லை. கோடையில் பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வருவது மிகச் சாதாரணம்; பெரும்பாலும் அவ்வளவுதான். எனினும் எச்.எச்.டி. என்று அழைக்கப்படும் ஒரு பரம்பரை நோயில், மூக்கிலும் தோலிலும் நுரையீரலிலும் மூளையிலும் இதே வகைக் கோளாறு வரும். நல்ல வெளிச்சத்தில் உங்கள் உதடு, நாக்கு, விரல் நுனிகளைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் சிவந்த புள்ளிகள் இருந்து, அழுத்தினால் மறைந்து, விட்டால் திரும்ப வந்தால், அல்லது இப்போதும் உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ மகளுக்கோ அடிக்கடி மூக்கில் இரத்தம் வந்தால், மருத்துவரிடம் எச்.எச்.டி. என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்போது மகனைப் பரிசோதிப்பதும், மகளின் நுரையீரலைப் பார்ப்பதும் அவசியமாகும். இல்லையென்றால் இதை மறந்துவிடலாம்.

மகளிடம் சொல்லுங்கள்

வெயில் மயக்கம் என்று அவளிடம் சொன்னது அன்பினால்தான். ஆனால் 14 வயதுப் பெண் வீட்டில் நடக்கும் கிசுகிசுப்பையும், மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையையும், அப்பா எடுத்த ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து, உண்மையைவிடக் கொடிய ஒன்றை மனத்தில் உருவாக்கிக்கொள்வாள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்கும். அவளையும் மருத்துவர் அறைக்குள் அழைத்துப்போங்கள். அவள் கேள்விகளை அவளே கேட்கட்டும். சட்டப்படி ஒப்புதல் கையெழுத்து பெற்றோருடையது என்றாலும், திறக்கப்படப் போவது அவளுடைய தலை.

பள்ளிக்கு அவள் போகலாம். படிப்பதால் மூளைக்குழாய் வெடிக்காது. சிகிச்சை முடியும்வரை நீச்சல், கிணற்றடி, மரம் அல்லது மொட்டைமாடி விளிம்பு, தனியாகச் சைக்கிள் ஆகியவை வேண்டாம். வலிப்பு வந்தால் ஆபத்தான இடங்கள் என்பதே காரணம். இடது கைக்குப் பிசியோதெரபி தொடரட்டும். ரிப்பன் கட்டுவதையே தினமும் பயிற்சியாக அவள் செய்யலாம், அதைப் பிடுங்கி நீங்கள் கட்டிவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். அதைத் தொடங்கிய பின் அவளுக்கு எரிச்சலும் கோபமும் கூடியிருந்தால் அது அவள் குணம் அல்ல, லெவெடிரசெட்டம் மருந்துக்கு அப்படி ஒரு விளைவு உண்டு. நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். பின்னலைக் கரைக்கும் மாத்திரையோ கஷாயமோ எந்த மருத்துவ முறையிலும் இல்லை. சாதாரணத் தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் வகைகளைக் கடையில் வாங்கித் தராதீர்கள்.

பொதுத்தேர்வைப் பற்றி: அறுவை என்று முடிவாகி, கோடை விடுமுறைக்குள் முடிந்தால், பத்தாம் வகுப்பின் பெரும்பகுதி அவளுக்குக் கிடைக்கும். இடது கைப் பலவீனம் கூடினாலும், வலது கையால் எழுதும் பிள்ளைக்கு அது தேர்வைத் தடுக்காது. ஓராண்டு பிந்தினாலும் பிந்தட்டும்.

மீண்டும் வலிப்பு வந்தால்

கையில் இரும்பு, சாவி எதுவும் வேண்டாம். அது வலிப்பை நிறுத்துவதில்லை, வலிப்பு தானாக நிற்பதை நாம் சாவியால் நின்றதாக நினைத்துக்கொள்கிறோம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். இதை வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, திடீரென முன்போல் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் புதிதாகத் தளர்ந்தாலோ, நன்றாக இருந்த பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, வீட்டு வைத்தியத்துக்கும் உறவினர் வருகைக்கும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். இரவிலும் சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை மருத்துவரும் இருக்கும் மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது என்பதை இந்த வாரமே விசாரித்து வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் ஊழியரிடம் "மூளையில் ஏ.வி.எம். உள்ள பிள்ளை, ஏற்கெனவே கசிந்திருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அங்கேயே கொண்டுபோகச் சொல்லுங்கள்.